எல்.பி. ரெக்கார்டு அட்டைகளை ஓவியக் கணக்கில் ஏன் யாரும் சேர்ப்பதில்லை?

#1 மெழுகுத்தட்டு | சனி, இரவு 9.40

ஒரு மாதமாக இருபதாம் நூற்றாண்டு ஓவியம் பற்றித் தமிழில் கிடைக்கும் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பிக்காசோ வருகிறார், டாலி வருகிறார், ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களோடு வந்துவிடுகிறார். ஆனால் அந்த நூற்றாண்டில் சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்த படம் எது? எல்.பி. ரெக்கார்டின், அதாவது நீண்ட நேரம் பாடும் பெரிய இசைத்தட்டின், அட்டை. நான் வாசித்தவற்றில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பாடும். ஒரு முழு சிம்பொனி வேண்டுமென்றால் நாலைந்து தட்டுகள் தேவை. அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி பைண்டு செய்து விற்றார்கள். இன்றும் ‘புது ஆல்பம் வந்திருக்கு’ என்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பைண்டுக்கு மேலே பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ அட்டை, முதுகில் பெயர், அவ்வளவுதான். தொழிலில் இருந்தவர்களே அதற்குக் ‘கல்லறைக் கல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1939-இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 22. அட்டையில் படம் போடலாம் என்று முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். 1940-இல் ரோட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்காக, நியூயார்க் இம்பீரியல் தியேட்டரின் வாசல் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்றச் சொல்லி, ஆல்பத்தின் பெயரை அங்கே ஒளிரவிட்டுப் படமெடுத்து அட்டையாக்கினார். 1948-இல் அதே கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி.யைக் கொண்டுவந்தபோது, முரட்டுக் காகித உறை தட்டைக் கீறுகிறது என்று மெல்லிய அட்டை உறையை வடிவமைத்ததும் இவரே. அடுத்த நாற்பது வருடம் உலகம் முழுக்க ஓவியர்களுக்குக் கிடைத்த பன்னிரண்டு அங்குலச் சதுரம் அது.

இதை ஓவிய வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 மாசிவீதி | சனி, இரவு 10.15

மெழுகு சார், மரியாதையோடு மறுக்கிறேன். பிஸ்கட் டப்பாவிலும்தான் அழகான படம் இருக்கிறது. பாட்டு காதுக்கு உரியது. அட்டை அதை விற்பதற்கு.

என் அனுபவத்தையே சொல்கிறேன். 1986-இல் நான் ஆறாம் வகுப்பு, மதுரை. சித்தப்பா ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். ஒரு வாரம் கழித்துப் போனால் 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட், மைல்ஸ் டேவிஸ் எல்லாம் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தார்கள். எந்த அட்டையும் இல்லை. டப்பாவுக்குள் கோடு போட்ட காகிதம், அதில் சித்தப்பாவின் பால்பாயின்ட் கையெழுத்து. அந்தப் பாட்டுகள் எனக்கு ஒரு துளிகூடக் குறைவாகக் கேட்கவில்லை. அட்டை இல்லாமல் பாட்டு நின்றது. பாட்டு இல்லாமல் அட்டை நிற்குமா?

#3 தேன்மொழி வரைகிறாள் | சனி, இரவு 11.02

நிற்கும், மாசிவீதி அண்ணா. நான் ஓவியம் படித்தவள். ஜாஸ் ஒரு நிமிடம்கூடக் கேட்டிராத காலத்திலேயே புளூ நோட் அட்டைகளைப் பார்த்துத்தான் எழுத்துருவைப் படமாக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டேன்.

புளூ நோட் 1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய சின்ன ஜாஸ் ரெக்கார்டு கம்பெனி. நடத்திய ஆல்ஃபிரட் லயன் பெர்லின்காரர். அவருடைய பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் நாஜிகளிடமிருந்து தப்பி அதே வருடம் வந்து சேர்ந்துகொண்டார். பதிவு நடக்கும்போதே கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து படமெடுப்பார். சாக்ஸபோன்காரர் கண்ணை மூடியிருப்பார், பின்னால் ஒரே இருட்டு, சிகரெட் புகை மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். 1956 முதல் ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர் அந்தப் படங்களை எடுத்துத் தயங்காமல் வெட்டினார். நெற்றியைப் பாதி, கையை மட்டும், சில சமயம் ஒரு ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. மிச்ச இடம் முழுக்க எழுத்து. தன் படங்களை இப்படி வெட்டுகிறாரே என்று வுல்ஃபுக்கு வருத்தமும் உண்டு.

ரீட் மைல்ஸுக்கு ஜாஸ் மேல் பெரிய பிரியம் கிடையாது. லயன் வந்து ‘இந்தத் தட்டு இப்படிப்பட்டது’ என்று மனநிலையைச் சொல்வார், அதைக் கேட்டு வரைவார். பத்து வருடத்தில் சுமார் 500 அட்டைகள். பாட்டைக் கேட்காத ஒருவர் வரைந்ததை, பாட்டைக் கேட்காத நான் பார்த்து நின்றேன். அப்படியென்றால் அந்த அட்டை தன் காலில்தானே நிற்கிறது?

#4 ஆஃப்செட் அண்ணாச்சி | ஞாயிறு, காலை 6.20

பேத்தி இந்த இழையைக் காட்டினாள். எனக்கு ஜாஸும் தெரியாது, பீட்டில்ஸும் தெரியாது. சிவகாசியில் 31 வருடம் ஆஃப்செட் மெஷின் முன்னால் நின்றவன். தேன்மொழிப் பாப்பா சொன்ன அட்டைகளை போனில் பெரிசாக்கிப் பார்த்தேன். அச்சுக்காரன் கண்ணுக்கு ஒன்று உடனே தெரிகிறது: பாதிக்கு மேல் ரெண்டே கலர். கறுப்பு ஒன்று, கூட ஒரு நீலமோ ஆரஞ்சோ.

நாலு கலர் என்றால் நாலு பிளேட், சிங்கிள் கலர் மெஷினில் நாலு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரிஜிஸ்டர் பிடிக்க வேண்டும், அதாவது கலர் மேல் கலர் சரியாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினால் ஆளுக்கு ரெண்டு மூக்கு வந்துவிடும். ரெண்டு கலரில் பாதி வேலைதான், பாதி செலவுதான். காசு இல்லாத கம்பெனி ரெண்டு கலரோடு நிறுத்தியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பையன் கையிலிருந்த ரெண்டு கலரையும் எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று பாருங்கள். போட்டோ முழுவதையும் நீல மையில் ஓட்டி, எழுத்தை மட்டும் வெள்ளையாக, அதாவது காகிதத்தையே விட்டு எடுத்திருக்கிறான். அந்த வெள்ளைக்கு மைச் செலவே கிடையாது. எங்கள் ஊரில் தீப்பெட்டி லேபிள் வரைந்த ஆர்டிஸ்டுகளுக்கு இந்த வித்தை தெரியும். அவர்கள் பெயரும் எங்கேயும் எழுதப்படவில்லை.

#5 மெழுகுத்தட்டு | ஞாயிறு, காலை 8.05

அண்ணாச்சி, காலையில் இதைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியில் இருப்பதையெல்லாம் எடுத்து மறுபடி பார்த்தேன். இத்தனை வருடம் வைத்திருந்தும் அந்த வெள்ளை காகிதம்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாசிவீதிக்கு ஒன்று. ‘எந்த அட்டையும் இல்லை’ என்றீர்கள். ஆனால் உங்கள் தாத்தா காலத்து 78 தட்டுகளில் நடுவில் ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அதுவும் ஓவியம்தான். ஃபிரான்சிஸ் பராட் என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த நிப்பர். முதலில் எடிசன் வகை உருளைக் கருவி முன்னால் நாய் உட்கார்ந்திருப்பதாகத்தான் வரைந்தார். 1899-இல் கிராமபோன் கம்பெனி, தங்கள் கருவியை அதில் வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. பழைய கருவியின் மேலேயே கிராமபோனை வரைந்து கொடுத்தார். ஓவியத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. தியாகராஜர் கீர்த்தனையும் நாடகப் பாட்டும் அந்த நாயோடுதான் நம் வீடுகளுக்குள் வந்தன. நம் தாத்தா பாட்டிகள் அதிகம் பார்த்த ஐரோப்பிய ஓவியம் எதுவென்று கேட்டால், அனேகமாக அதுதான்.

#6 தேன்மொழி வரைகிறாள் | ஞாயிறு, காலை 10.30

அட்டையைப் பற்றிப் பேசிவிட்டு 1967-ஐத் தொடாமல் போக முடியாது. பீட்டில்ஸ் குழுவின் சார்ஜன்ட் பெப்பர் தட்டு. நாலு பேரும் பேண்டு வாத்திய உடையில் நிற்க, பின்னால் உயரத்துக்கு உயரம் அட்டை மனிதர்கள்: மார்க்ஸ், மர்லின் மன்றோ, எட்கர் ஆலன் போ. ஜார்ஜ் ஹாரிசன் விருப்பப்படி யோகானந்தர், அவருடைய குரு யுக்தேஸ்வர், லாகிரி மகாசயர், பாபாஜி என்று நான்கு இந்திய யோகிகள். காந்தியும் இருந்தார். இந்தியாவில் விற்பனைக்குச் சிக்கல் வரும் என்று தட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் ஜோசப் லாக்வுட் மறுத்ததால் அவரை மட்டும் படத்திலிருந்து மறைத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லியே ஆக வேண்டும். எங்கே பார்த்தாலும் ‘பீட்டர் பிளேக் செய்த அட்டை’ என்றே எழுதுகிறார்கள். அவரோடு சமமாக வேலை செய்தவர் ஜேன் ஹாவர்த், அப்போது அவருடைய மனைவி. தனியாகவே பெயர்பெற்ற சிற்பி. துணியைத் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து ஆளுயர உருவங்கள் செய்வார். வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் துணிப்பாட்டி அவர் செய்தது. அதன் மடியில் இருக்கும் பொம்மையின் ஸ்வெட்டரில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு இசைக்குழுவுக்கு வரவேற்பு எழுதியிருக்கும். பின்னால் நிற்கும் உருவங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியதிலும் அவர் பங்கு பெரியது. கிராமி விருது இருவர் பெயருக்கும் சேர்த்துத்தான் வந்தது. வருடங்கள் போகப் போக ஒரு பெயர் மட்டும் நின்றுவிட்டது. அண்ணாச்சி தீப்பெட்டி ஆர்டிஸ்டுகளைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஜேன் நினைவுதான் வந்தது.

#7 மாசிவீதி | ஞாயிறு, மதியம் 1.10

தேன்மொழி, அந்தத் துணிப்பாட்டி விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு பாப் தட்டின் அட்டைக்கு 50 பவுண்டு செலவழித்தாலே அதிகம். இதற்கு 3,000 பவுண்டுக்குப் பக்கத்தில் ஆனது. அவ்வளவு பணம் போட்டது விற்பதற்காகத்தானே? விளம்பரத்துக்கு எவ்வளவு திறமை வேண்டுமென்றாலும் சேரட்டும். அது விளம்பரம்தான்.

#8 மெழுகுத்தட்டு | ஞாயிறு, மதியம் 2.25

அந்தக் கேள்வியை அந்தக் காலத்து ஓவியர்களே தங்களிடம் கேட்டுக்கொண்டார்கள். லண்டனில் ரிச்சர்ட் ஹாமில்டன் 1957-இல் நண்பர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், பாப் கலை என்றால் என்ன என்று அடுக்குகிறார்: பெரும் மக்களுக்கானது, சீக்கிரம் மறைந்துபோவது, மலிவானது, ஆயிரக்கணக்கில் தயாராவது, இளமையானது, பெரிய வியாபாரம். வியாபாரத்தைக் கறையாக நினைத்து அவர் ஒதுக்கவில்லை. தான் வாழும் உலகம் அதனால்தான் ஆகியிருக்கிறது, அதைப் பார்க்காமல் எதை வரைவது என்பது அவருடைய நிலை.

அதே ஹாமில்டன்தான் 1968-இல் பீட்டில்ஸின் அடுத்த பெரிய தட்டுக்கு அட்டை செய்தார். சார்ஜன்ட் பெப்பருக்கு நேர் எதிராக, முழு வெள்ளை. குழுவின் பெயர் மட்டும் மை இல்லாமல் மேடாகத் தெரியும். கீழே ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரிசை எண். லட்சக்கணக்கில் அச்சாகும் பொருளுக்கு, ஓவியர்கள் 50 பிரதி மட்டும் எடுக்கும் அச்சுப்படத்துக்குப் போடுவதுபோல எண் போட்டார். விளம்பரமென்றால் கடை ஜன்னலில் கண்ணைப் பறிக்க வேண்டாமா? இது எதையும் கூவவில்லை.

#9 ஆஃப்செட் அண்ணாச்சி | ஞாயிறு, மாலை 5.45

மை இல்லாமல் மேடு என்றால் எம்பாசிங். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் அப்படித்தான் வருவார். மேல் அச்சு ஒன்று, கீழ் அச்சு ஒன்று, நடுவில் அட்டையை வைத்து அழுத்துவது. அட்டை சரியில்லை என்றால் விளிம்பில் வெடித்துவிடும். வெள்ளையில் வெடித்தால் மறைக்க மையும் இருக்காது. லட்சக்கணக்கான அட்டையில் அதைச் செய்தவர்களை நினைத்துக் கும்பிடுகிறேன்.

நம்பரிங் எங்களுக்குப் பில் புக் வேலை. மெஷினில் சின்னச் சக்கரம் இருக்கும், ஒவ்வொரு தாளுக்கும் தானே ஒரு எண் தள்ளும். நான் கோடி எண்ணுக்கு மேல் ஓட்டியிருப்பேன், ரசீது, லாட்டரிச் சீட்டு, பஸ் டிக்கெட் என்று. எண் போட்டுவிட்டால் ஒரு தாள் இன்னொரு தாள் ஆகாது என்பது அச்சுக்காரனுக்குத் தெரியும். நூறு பில் எண்ணி, 47 இல்லை என்றால் 47-ஐத் தேடித்தான் ஆக வேண்டும், 48-ஐக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. அந்த ஓவியர் இதைத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

#10 பருத்தித்துறைக் காற்று | திங்கள், அதிகாலை 3.15

வணக்கம். இங்கே மான்செஸ்டரில் இன்னும் ஞாயிறு இரவு. இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணாச்சியின் பதிவுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஊரில் நான் வந்திறங்கிய முதல் கிழமையே ஒரு படம் கண்ணில் பட்டது. கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, நடுவில் மட்டும் மலைத்தொடர்போல எழும்பி இருக்கும். டீ சட்டையில், மதிலில், தேநீர்க் கோப்பையில். ஏதோ ஊர்ச் சின்னம் என்றுதான் கனகாலம் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜாய் டிவிஷன் என்ற இந்த ஊர்க் குழுவின் 1979 தட்டின் அட்டை. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை.

அந்தக் கோடுகளை ஓவியர் யாரும் வரையவில்லை. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானத்திலிருந்து ஒழுங்கான இடைவெளியில் வரும் ரேடியோத் துடிப்பைக் கண்டுபிடித்தார். முதல் பல்சர் நட்சத்திரம் அது, 1.34 வினாடிக்கு ஒரு துடிப்பு. ஹரோல்ட் கிராஃப்ட் என்ற மாணவர் அதே நட்சத்திரத்தின் துடிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கணினியில் வரைந்து தன் ஆய்வேட்டில் வைத்தார். அந்த வரைபடம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போனது. குழுவின் கிற்றார்காரர் பெர்னார்ட் சம்னர் அதை அங்கே பார்த்தார். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றினார். கிராஃப்டுக்குக் கனகாலம் ஒன்றும் தெரியாது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தானே கடைக்குப் போய் ஒன்றை வாங்கினாராம்.

மாசிவீதி அண்ணை, நீங்கள் கேட்டீர்கள், பாட்டு இல்லாமல் அட்டை நிற்குமா என்று. அந்தச் சட்டையைப் போட்டுத் திரியும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு வடிவாக நினைவிருக்கிறது: படத்தை ஆறு மாதம் பார்த்த பிறகு பாட்டைக் கேட்டபோது, ஏற்கெனவே தெரிந்த ஒரு இடத்துக்குள் போவதுபோல இருந்தது. குளிர், இருட்டு, தூரத்தில் ஒரு துடிப்பு.

#11 மெழுகுத்தட்டு | திங்கள், காலை 7.30

இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. அட்டை பாட்டுக்கு ஒரு வாசல். எந்த வாசல் வழியாகப் போகிறோமோ, அதைப் பொறுத்து வீடு வேறு மாதிரித் தெரிகிறது.

பிங்க் ஃபிளாய்டின் 1973 தட்டையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பின் நடுவே முப்பட்டகம், ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறுபக்கம் நிறங்களாக விரிகிறது. கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் ‘இந்தத் தடவை எளிமையாக ஏதாவது செய்யுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். ஹிப்நோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவுக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்தது. உற்றுப் பார்த்தால் ஆறு நிறம்தான் இருக்கும், கருநீலத்தை விட்டுவிட்டார்கள்.

ஹாமில்டனின் வெள்ளை அட்டைக்குப் பின்னால் நடந்த கதையும் இருக்கிறது. அதில் காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்றை அச்சடிக்கலாம் என்று அவர் முதலில் யோசித்துவிட்டு, விளையாட்டாகத் தெரியும் என்று விட்டுவிட்டாராம். பல வருடம் கழித்து ருதர்ஃபோர்ட் சாங் என்ற நியூயார்க் கலைஞர் எண் போட்ட அந்த முதல் பதிப்புப் பிரதிகளை மட்டும் சேர்க்க ஆரம்பித்தார், போகப் போக 2,000-க்கு மேல் ஆனது. 2013-இல் அதுவரை சேர்ந்தவற்றை ரெக்கார்டு கடை மாதிரி அடுக்கிக் காட்சி வைத்தார். வாங்குவார், விற்க மாட்டார். ஒவ்வொரு அட்டையும் வேறு. மஞ்சளேறியது, பூஞ்சை பிடித்தது, காதலன் பெயர் எழுதியது, குழந்தை கிறுக்கியது, நிஜமாகவே கோப்பைக் கறை பட்டது. நூறு பிரதிகளின் ஒலியை ஒன்றன்மேல் ஒன்றாகவும் பதிந்தார். ஒன்றாகத் தொடங்கும் பாட்டு, கீறலாலும் தயாரிப்பு வேறுபாட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் கடைசியில் இரைச்சலாகிறது.

#12 தேன்மொழி வரைகிறாள் | திங்கள், காலை 9.15

இப்போது பாட்டு வருவது போனில் நகக்கண் அளவு சதுரத்தோடு. சி.டி. வந்தபோதே 12 அங்குலம் 12 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. என் மாணவர்கள் அட்டை வரைந்துகொண்டு வந்தால் முதலில் போனில் சின்னதாக்கிக் காட்டச் சொல்கிறேன். அதில் தெரியாதது இன்று யாருக்கும் தெரியாது. வுல்ஃபின் சிகரெட் புகை அந்த அளவில் தெரியவே தெரியாது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

#13 மாசிவீதி | செவ்வாய், இரவு 8.50

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து அந்தக் கேசட்டுகளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பரணில் ஷூ பெட்டிக்குள் இருந்தன. பாதி நாடா ஒட்டிப்போய்விட்டது.

பிங்க் ஃபிளாய்ட் கேசட்டை எடுத்து உள்காகிதத்தை விரித்தேன். எந்த அட்டையும் இல்லை என்று இங்கே எழுதினேன் அல்லவா? அது தப்பு. பாட்டுப் பெயர்களுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்தில், பால்பாயின்டில் ஒரு முக்கோணம் இருக்கிறது. இடது பக்கம் ஒரு கோடு, வலது பக்கம் விசிறி மாதிரி கோடுகள். நான் அந்தக் காகிதத்தை நூறு தடவை பிரித்திருப்பேன். பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல் என்றே நினைத்திருக்கிறேன்.

சித்தப்பாவிடம் கேட்டேன். கடையில் எல்.பி.யைக் கையில் தர மாட்டார்களாம், விரல்ரேகை படும் என்று. கல்லாவுக்குப் பின்னால் மேல் அலமாரியில் நிறுத்தியிருந்ததை இந்தப் பக்கத்தில் நின்றபடியே பார்த்து, பஸ்ஸில் வரும்போது ஞாபகத்தில் வரைந்தாராம்.

மெழுகு சார் சொன்னதற்காகக் கோடுகளை எண்ணினேன். ஏழு. ‘நிஜ அட்டையில் ஆறுதான் சித்தப்பா’ என்றேன். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘வானவில்லுக்கு ஏழுதானேடா, அந்தத் தூரத்தில் எனக்கு ஏழுதான் தெரிஞ்சுது’ என்றார்.